சீபைதான் மூலநிரலில் வழு தேடுதல், பேட்ச் பார்த்தல்: அறிகுறிவாரியாக

சீபைதான் (சி மொழியில் எழுதப்பட்ட, பைதானின் முதன்மை இன்டர்பிரட்டர்) மூலநிரலில் கைவைப்பவர்களுக்கும், அங்கே வரும் புல் ரெக்வஸ்டுகளைப் படித்துக் கருத்துச் சொல்பவர்களுக்கும் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல்களை, முதலில் கண்ணில் படும் அறிகுறியைக் கொண்டு இங்கே தருகிறோம். சி ஓரளவு படிக்கத் தெரியும், கிட்டில் கிளை பிரித்துப் பழக்கம் உண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். கட்டளைகளும் ஃபங்ஷன் பெயர்களும் ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். -ஆர், -எஃப் போன்ற தெரிவுகளில் எழுத்து பெரியதா சிறியதா என்பதைப் பொறுத்து வேலையே மாறிவிடும், அங்கங்கே குறித்திருக்கிறோம்.

எந்த வழுவுக்கும் முன்னால் டீபக் பில்ட். './கான்ஃபிகர் --வித்-பைடீபக்', பிறகு 'மேக் -ஜே8'. எட்டுக்குப் பதில் உங்கள் கணினியில் எத்தனை கோர் உண்டோ அத்தனை. விண்டோஸில் பிசிபில்ட் அடைவிலுள்ள பில்ட்.பேட் கோப்பை '-டி' சேர்த்து ஓட்டுங்கள். மேக் கணினியில் பில்ட் ஆகி வரும் கோப்பின் பெயர் பைதான்.எக்ஸ்இ என்றிருக்கும், அங்கே கோப்பு முறைமை பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்காததால் 'பைதான்' என்ற அடைவோடு மோதாமலிருக்க அப்படி. டீபக் பில்டில் அசெர்ட்கள் வேலை செய்யும், விடுவித்த நினைவகம் ஹெக்ஸ் டிடி பைட்டுகளால் நிரப்பப்படும், மொத்த ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (ஆப்ஜெக்டுகளை எத்தனை இடங்கள் பிடித்து வைத்திருக்கின்றன என்பது) கணக்கில் இருக்கும். வேகத்தை அளப்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள்; அந்த எண்களுக்கு மதிப்பில்லை.

அறிகுறி: பில்ட் முடிந்தது, ஆனால் எஸ்எஸ்எல் இம்போர்ட் ஆகவில்லை

மேக் முடிந்ததும் கடைசி வரிகளைப் படிக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். விருப்ப மாட்யூல்களில் எவற்றுக்குத் தேவையானவை கிடைக்கவில்லை என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும்: _எஸ்எஸ்எல், _சிடைப்ஸ், _பிஇசட்2, _எல்இசட்எம்ஏ, _டிகேஇன்டர், ரீட்லைன். பெரும்பாலும் நூலகம் கணினியில் இருக்கும், ஹெடர் கோப்புகள்தான் இருக்காது. டெபியன், உபுண்டுவில் லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்பிஇசட்2-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ், லிப்ரீட்லைன்-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ், இசட்லிப்1ஜி-டெவ், டிகே-டெவ் ஆகியவற்றை நிறுவிவிட்டுக் கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள். மேக் மட்டும் போதாது. எது இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பது கான்ஃபிகர்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டால் பின்னால் வேறு வழியில் கடிக்கும். மாட்யூல் இல்லையென்றால் அதற்கான சோதனை தோற்காது, தாண்டிப் போய்விடும். டெஸ்ட்_எஸ்எஸ்எல் பச்சையாக வந்தது என்று நினைத்துப் பேட்சை அனுப்பினால், உண்மையில் அது ஓடவே இல்லை. பிணையம், ஒலி, திரை தேவைப்படும் சோதனைகளும் இப்படித்தான். '-யு ஆல்' கொடுத்தால்தான் ஓடும். முடிவில் வரும் 'ஸ்கிப்ட்' பட்டியலைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அறிகுறி: கோப்பைத் திருத்தினேன், நடத்தை மாறவே இல்லை

நான்கு காரணங்கள். முதல் காரணம் மிக எளியது: ஓடுவது உங்கள் பைதான் அல்ல. 'பைதான்3' என்று அடித்தால் கணினியோடு வந்ததுதான் ஓடும், './பைதான்' என்று புள்ளி, சாய்கோடு போட்டே அடிக்க வேண்டும். சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் எதைக் காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்தால் தீர்ந்தது.

இரண்டாவது, சி வடிவம் பைதான் வடிவத்தை மறைப்பது. லிப் அடைவிலுள்ள ஹீப்க்யூ.பிஒய் கோப்பின் அடியில் _ஹீப்க்யூ மாட்யூலிலிருந்து எல்லாவற்றையும் இம்போர்ட் செய்யும் வரி இருக்கிறது. மேலே நீங்கள் திருத்திய ஃபங்ஷனை அந்த வரி மேலெழுதிவிடும். டேட்டைம் 3.12 முதல் இன்னும் வெளிப்படை: டேட்டைம்.பிஒய் வெறும் வாசல், உண்மையான பைதான் நிரல் _பைடேட்டைம்.பிஒய் கோப்பில் இருக்கிறது. டெசிமலுக்கு _பைடெசிமல், ஐஓவுக்கு _பைஐஓ. பெப் (பைதான் மேம்பாட்டு முன்மொழிவு) 399இன்படி இரண்டு வடிவங்களும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஆகவே ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் திருத்துங்கள், சோதனையை இரண்டுக்கும் ஓட்டுங்கள். டெஸ்ட்.சப்போர்ட்டிலுள்ள இம்போர்ட்_ஃப்ரெஷ்_மாட்யூல் இதற்காகவே இருக்கிறது. 'பிளாக்ட்' பட்டியலில் _ஹீப்க்யூவைக் கொடுத்தால் பைதான் வடிவம் தனியாகக் கிடைக்கும்.

மூன்றாவது, ஃப்ரோசன் மாட்யூல்கள். இம்போர்ட்லிப்பின் _பூட்ஸ்ட்ராப், _பூட்ஸ்ட்ராப்_எக்ஸ்டர்னல் இரண்டும் இன்டர்பிரட்டருக்குள்ளேயே பொதிந்து வருபவை. அவற்றைத் திருத்தினால் மறுபடி மேக் ஓட்டாமல் பலன் தெரியாது.

நான்காவது, பைட்கோடு மாற்றம் செய்பவர்களுக்கு மட்டும். ஆப்கோடுகளை (பைட்கோடின் கட்டளை எண்கள்) மாற்றிவிட்டு மேஜிக் எண்ணை (பிஒய்சி கோப்பின் பைட்கோடு பதிப்பைக் காட்டும் எண்) ஏற்றாமல் விட்டால், __பைகேஷ்__ அடைவுகளில் கிடக்கும் பழைய பிஒய்சி கோப்புகளைப் புதிய இன்டர்பிரட்டர் தன்னுடையதென்று நம்பி ஓட்டும். தொடர்பில்லாத இடத்தில் படுத்துவிடும். எண்ணை ஏற்றுங்கள், அதற்குமுன் உறுதிசெய்ய வேண்டுமென்றால் அந்த அடைவுகளை அழித்துப் பாருங்கள்.

அறிகுறி: 'லீக்ட் [1, 1, 1] ரெஃபரன்ஸஸ்'

ரெஃபரன்ஸ் கசிவை, அதாவது பிடித்த ரெஃபரன்ஸை விடாமல் போவதைத் தேடும் கட்டளை: './பைதான் -எம் டெஸ்ட் -ஆர் 3:3 டெஸ்ட்_ஜேசன்'. இங்கே ஆர் பெரிய எழுத்து. சின்ன ஆர் போட்டால் வரிசையைக் கலைத்து ஓட்டுவதற்கான வேறு தெரிவு ஆகிவிடும். இது சோதனையை மூன்று முறை கணக்கில் வைக்காமல் ஓட்டிச் சூடேற்றி, அடுத்த மூன்று முறையும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்று பார்க்கும். டீபக் பில்ட் இல்லாமல் வேலை செய்யாது.

எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று சுற்றிலும் குறைந்தது ஒன்று கூடினால்தான் கசிவு என்று சோதனைக் கருவி எடுத்துக்கொள்ளும். [5, 5, 6] கசிவு. [10, 1, 1] என்பதும் கசிவுதான். முதல் சுற்றில் ஏதோ கேஷ் நிரம்பியிருக்கிறது, அதன் பிறகும் ஒவ்வொன்றாகப் போகிறது. [3, 0, 0] அல்லது [8, -8, 1] வந்தால் கவலை வேண்டாம். ரெஃபரன்ஸ் கூடாமல் 'மெமரி பிளாக்ஸ்' மட்டும் கூடினால் பைமெம்_மேலாக் கொடுத்த நினைவகத்தை விடுவிக்க மறந்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

எந்தச் சோதனையில் கசிகிறது என்று கையால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். './பைதான் -எம் டெஸ்ட்.பைசெக்ட்_சிஎம்டி -ஆர் 3:3 டெஸ்ட்_ஜேசன்' என்று விட்டால், ஒவ்வொரு சுற்றிலும் பாதிச் சோதனைகளைத் தற்செயலாக எடுத்து ஓட்டி, கசிவு எந்தப் பாதியில் இருக்கிறது என்று குறுக்கிக்கொண்டே வரும். முடிவில் ஒரு மெதட் பெயரில் நிற்கும்.

இனி நிரலைப் பாருங்கள். கசிவு நேர்வழியில் இருப்பது அபூர்வம். வழக்கமான உருவம் இது: ஃபங்ஷன் ஒரு புதிய லிஸ்டை உருவாக்குகிறது, சுற்றுக்குள் ஒவ்வொரு உறுப்பையும் உருவாக்கி அதில் சேர்க்கிறது, நடுவில் ஒரு அழைப்பு தோற்று நல் திரும்புகிறது, அந்த இடத்தில் எழுதியிருப்பது 'ரிட்டர்ன் நல்'. லிஸ்ட் அப்படியே தொங்கிப்போகிறது. திருத்தம், எல்லாத் தோல்விகளும் போய்ச் சேரும் ஒரே 'எரர்' லேபிள், அங்கே பை_எக்ஸ்டெக்ரெஃப் (நல் இல்லையென்றால் மட்டும் ரெஃபரன்ஸை விடுவது). வேரியபிள்கள் தொடக்கத்திலேயே நல் ஆக இருக்க வேண்டும், இல்லையேல் கசிவைச் சரிசெய்யப் போய்க் குப்பைப் பாயிண்டரை டெக்ரெஃப் செய்வீர்கள்.

இன்னொரு பழைய பொறி பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட். வெற்றி பெற்றால் ரெஃபரன்ஸை எடுத்துக்கொள்ளும், தோற்றால் எடுத்துக்கொள்ளாது. இந்த இரட்டை வேடம் யாருக்கும் நினைவிருப்பதில்லை. 3.10இல் வந்த பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட்ரெஃப் ஒருபோதும் எடுத்துக்கொள்ளாது, 3.13இல் வந்த பைமாட்யூல்_ஆட் எப்போதும் எடுத்துக்கொள்ளும். புதிய நிரலில் பழையதைக் கண்டால் மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்டாட்டிக் டைப்பை (நிரலில் நிலையாக எழுதியது) ஹீப் டைப்பாக (ஓடும்போது உருவாக்குவது) மாற்றும் பேட்சுகள் தனி ரகம். அவற்றில் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் டைப்புக்கு ஒரு ரெஃபரன்ஸ் வைத்திருக்கும். ஆகவே டீலாக் (ஆப்ஜெக்டை அழிக்கும்) ஃபங்ஷனில் முதலில் டைப்பை ஒரு வேரியபிளில் எடுத்துவைத்து, டிபி_ஃப்ரீ அழைத்து, கடைசியில் டைப்பை டெக்ரெஃப் செய்ய வேண்டும். 3.9 முதல் ட்ராவர்ஸ் (குப்பை சேகரிப்பானுக்கு ரெஃபரன்ஸுகளைக் காட்டும்) ஃபங்ஷனும் டைப்பை விசிட் செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் டைப் ஆப்ஜெக்டே கசியும்.

சோதனை எழுதும்போது கவனிக்க ஒன்று உண்டு, பலர் தவறவிடுவது. பெப் 683 வழியாக 3.12 முதல் நன், ட்ரூ, ஃபால்ஸ், -5 முதல் 256 வரையான முழு எண்கள் எல்லாம் அழியாத ஆப்ஜெக்டுகள். அவற்றின் எண்ணிக்கை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நன்னையும் 1ஐயும் கொடுத்துச் சோதித்தால் எந்தக் கசிவும் தெரியாது. புதிதாக உருவாக்கிய ஆப்ஜெக்ட்() அல்லது ஒரு காலி லிஸ்டைக் கொடுங்கள்.

அறிகுறி: 'ரிட்டர்ன்ட் நல் விதவுட் செட்டிங் அன் எக்ஸெப்ஷன்'

சாதாரண பில்டில் சிஸ்டம்எரர் வரும். டீபக் பில்டில் இன்டர்பிரட்டரே நின்றுவிடும். எதிர்த்திசை உடன்பிறப்பும் உண்டு: விடையும் திரும்பியிருக்கிறது, எக்ஸெப்ஷனும் நிற்கிறது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஒரே திரும்பல் மதிப்புக்கு இரண்டு பொருள். பைலாங்_ஆஸ்லாங் -1 கொடுத்தால் அது உண்மையான -1 ஆகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். பைஎரர்_அக்கர்ட் அழைத்துத்தான் பிரிக்க முடியும். பைடிக்ட்_கெட்ஐட்டம்வித்எரர் நல் கொடுத்தால் சாவி இல்லை என்றும் பொருள், தேடும்போது தோற்றது என்றும் பொருள். பைஐட்டர்_நெக்ஸ்ட் நல் கொடுத்தால் முடிந்ததும் அதுவே, உடைந்ததும் அதுவே. இதனால்தான் 3.13இல் பைடிக்ட்_கெட்ஐட்டம்ரெஃப், 3.14இல் பைஐட்டர்_நெக்ஸ்ட்ஐட்டம் என்று, நிலைமையைத் தனி எண்ணாகச் சொல்லும் வடிவங்கள் வந்தன. பழைய பைடிக்ட்_கெட்ஐட்டம் இன்னும் மோசம்: பிழையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

நினைவகம் தீர்ந்துபோகும் பாதையைச் சோதிக்க நிஜமாகத் தீர்க்க வேண்டியதில்லை. _டெஸ்ட்கேபி மாட்யூலில் செட்_நோமெமரி இருக்கிறது. எத்தனையாவது ஒதுக்கீட்டிலிருந்து தோற்க வேண்டும் என்று எண் கொடுத்து, அந்த எண்ணை ஒன்று ஒன்றாக ஏற்றி ஓட்டினால் ஒவ்வொரு தோல்விப் பாதையும் தன் முகத்தைக் காட்டும். பைமெம்_மேலாக் நல் கொடுத்த பின் பைஎரர்_நோமெமரி அழைக்காமல் திரும்பும் இடங்கள் இதில் வரிசையாகச் சிக்கும்.

அறிகுறி: செக்மென்டேஷன் ஃபால்ட்

முதல் கேள்வி, பைதான் பக்கம் எந்த வரியில் இருந்தது என்பது. '-எக்ஸ் ஃபால்ட்ஹேண்ட்லர்' (எக்ஸ் பெரிய எழுத்து) சேர்த்து ஓட்டினால் விழும் நேரத்தில் பைதான் ட்ரேஸ்பேக் கிடைக்கும். அடுத்து ஜிடிபி என்ற டீபக்கர். பில்ட் அடைவில் உருவாகும் பைதான்-ஜிடிபி.பிஒய் கோப்பை ஜிடிபி தானே ஏற்ற மறுத்தால், உங்கள் ஜிடிபி அமைப்புக் கோப்பில் அந்த அடைவை ஆட்-ஆட்டோ-லோட்-சேஃப்-பாத் வழியாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு 'பை-பிடி', 'பை-லிஸ்ட்', 'பை-அப்' கட்டளைகள் சி ஸ்டாக்கைப் பைதான் கண்ணால் காட்டும்.

ஸ்டாக்கில் அதே இரண்டு மூன்று ஃபங்ஷன்கள் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் அது ரிகர்ஷன். பை_என்டர்ரிகர்சிவ்கால் விடுபட்ட இடத்தைத் தேடுங்கள். பாயிண்டரின் மதிப்பில் டிடி டிடி டிடி என்று தெரிந்தால் விடுவித்த நினைவகத்தை யாரோ தொடுகிறார்கள். சிடி என்றால் ஒதுக்கிய பின் மதிப்பே வைக்காமல் படிக்கிறார்கள். எஃப்டி என்றால் எல்லை தாண்டியிருக்கிறார்கள். 3.7 வரை இவை டிபி, சிபி, எஃப்பி என்று இருந்தன. பழைய அறிக்கைகளைப் படிக்கும்போது குழம்ப வேண்டாம்.

விழுந்த இடத்தையே முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. நினைவகம் எங்கே விடுவிக்கப்பட்டது என்பதுதான் வேண்டும். அதற்கு அட்ரஸ் சானிடைசர் (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதி): './கான்ஃபிகர் --வித்-பைடீபக் --வித்-அட்ரஸ்-சானிடைசர்'. இந்தத் தெரிவு பைமேலாக்கையும் (பைதானின் சொந்த நினைவக ஒதுக்கி) சேர்த்து அணைத்துவிடும். சிஃப்ளாக்ஸில் கையால் சேர்த்தால் அணையாது. அப்போது 512 பைட்டுக்கு உட்பட்ட சிறு ஆப்ஜெக்டுகளெல்லாம் பைமேலாக்கின் கையில் இருப்பதால் சானிடைசருக்கு ஒன்றும் தெரியாது. ஏசான்_ஆப்ஷன்ஸ் சூழல் மாறியில் 'டிடெக்ட்_லீக்ஸ்=0' வையுங்கள், இல்லையேல் பில்டின் நடுவிலேயே கசிவு என்று நிறுத்திவிடும். கிடைக்கும் அறிக்கையில் மூன்று ஸ்டாக்குகள் இருக்கும்: தொட்ட இடம், விடுவித்த இடம், ஒதுக்கிய இடம். நடுவிலுள்ளதைப் படியுங்கள்.

அங்கே அடிக்கடி கிடைப்பது இரவல் ரெஃபரன்ஸ். பைலிஸ்ட்_கெட்ஐட்டம் கொடுப்பது இரவல். லிஸ்ட் உயிரோடு வைத்திருக்கும்வரைதான் அது செல்லும். அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒப்பிடச் சொன்னால், ஒப்பீடு பயனரின் __ஈக்யூ__ மெதடுக்குள் போகும். அந்த மெதட் அதே லிஸ்டைக் கிளியர் செய்தால் கையிலிருந்த பாயிண்டர் காற்றில் நிற்கும். கற்பனை அல்ல: லிஸ்டின் பல மெதடுகளிலேயே இது இருந்து, 2019இன் இறுதியில் ஒப்பீட்டுக்கு முன் இன்க்ரெஃப், பின் டெக்ரெஃப் என்று திருத்தப்பட்டது. பார்க்க வேண்டிய கேள்வி எப்போதும் இதுதான்: இரவல் வாங்கிய வரிக்கும் கடைசியாகப் பயன்படுத்தும் வரிக்கும் நடுவில் பயனரின் நிரல் ஓட வழி உண்டா? __ஹேஷ்__, __டெல்__, __இன்டெக்ஸ்__ எல்லாம் வழிகள்தான். சாதாரண பை_டெக்ரெஃப்கூட ஒரு __டெல்__ மெதடை எழுப்பும். ஒரு ஃபீல்டை மாற்றும்போது 'டெக்ரெஃப் செய், பிறகு நல் வை' என்று எழுதாமல் பை_கிளியர் போடச் சொல்வது இதனால்தான். அது முதலில் நல் வைத்துவிட்டுப் பிறகு விடும்.

ஜில் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பைதான் நிரலை ஓட்ட விடும் பூட்டு) இல்லாத பில்டில் ('--டிசேபிள்-ஜில்', 3.13 முதல்) பயனர் நிரலை அழைக்கவே வேண்டாம், பக்கத்துத் த்ரெட் போதும். அங்கே பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப் போன்ற சொந்த ரெஃபரன்ஸ் தரும் வடிவங்களைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். சந்தேகம் இருந்தால் '--வித்-த்ரெட்-சானிடைசர்'.

அறிகுறி: தனியே ஓட்டினால் பச்சை, மொத்தமாக ஓட்டினால் சிவப்பு

'-ஜே' கொடுத்தால் ஒவ்வொரு சோதனைக் கோப்பும் தனிப் புராசஸில் ஓடும். ஒன்று இன்னொன்றைக் கெடுப்பது மறைந்துவிடும். ஆகவே '-ஜே' இல்லாமல், சின்ன ஆர் போட்டு வரிசையைக் கலைத்து ஓட்டுங்கள். வெளியீட்டின் தொடக்கத்தில் தற்செயல் விதை எண் அச்சாகும். '--ராண்ட்சீட்' வழியாக அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை திரும்ப வரும். 'என்வ் சேஞ்ச்ட்' என்று வந்தால் சோதனை எதையோ மாற்றிவிட்டுத் திருப்பி வைக்கவில்லை: அடைவு, லோகேல், எச்சரிக்கை வடிகட்டிகள், முடியாத த்ரெட். உங்கள் கணினியில் அது வெறும் எச்சரிக்கை. சிஐயில் (புல் ரெக்வஸ்டுகளைத் தானே சோதிக்கும் அமைப்பு) '--ஃபெயில்-என்வ்-சேஞ்ச்ட்' இருப்பதால் தோல்வி.

எப்போதோ ஒருமுறை மட்டும் தோற்றால் '-எஃப்' (பெரிய எழுத்து) போட்டு, கோர் எண்ணிக்கையைப் போல இருமடங்கு '-ஜே' கொடுத்து, தோற்கும்வரை ஓட விடுங்கள். சுமை ஏறினால்தான் நேரம் சார்ந்த வழுக்கள் வெளியே வரும். திருத்தமாக 'ஸ்லீப் 0.1ஐ 0.5 ஆக்கினேன்' என்று வரும் பேட்சை ஏற்க வேண்டாம். விண்டோஸில் கடிகார நுண்மை ஏறத்தாழ 15.6 மில்லிவினாடி என்பதையும், பல தளங்களில் சோதனைகளை ஓட்டும் மெதுவான பில்ட்பாட் இயந்திரங்களையும் எண்ணால் துரத்த முடியாது. ஈவன்ட்டுக்குக் காத்திருக்கலாம், அல்லது டெஸ்ட்.சப்போர்ட்டின் ஸ்லீப்பிங்_ரீட்ரை, ஷார்ட்_டைம்அவுட் பயன்படுத்தலாம். செட்டுகளின் வரிசையை நம்பும் சோதனை என்று சந்தேகமானால் பைதான்ஹேஷ்சீட் மாறியை 0, 1, 2 என்று மாற்றி ஓட்டினால் போதும்.

அறிகுறி: முந்தைய பதிப்பில் சரி, இப்போது தப்பு

கிட் பைசெக்ட் (கமிட்டுகளைப் பாதிபாதியாகக் குறுக்கி, கெடுத்த கமிட்டைத் தேடும் கட்டளை). ஆனால் வி3.12.0 டேக் இருப்பது 3.12 கிளையில், மெயினில் அல்ல. 'கிட் மெர்ஜ்-பேஸ் மெயின் 3.12' கொடுக்கும் கமிட்டில் சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டு அதையே நல்லது என்று தொடங்குங்கள். ஓட்டும் ஸ்கிரிப்டை மூலநிரல் அடைவுக்கு வெளியே வையுங்கள். பில்ட் ஆகாத கமிட்டுக்கு ஸ்கிரிப்ட் 125 திருப்ப வேண்டும், அது தாண்டிப் போகும். 1 முதல் 127 வரை மற்றவை 'கெட்டது'. 128 அல்லது அதற்கு மேல் வந்தால் பைசெக்டே நின்றுவிடும். செக்மென்டேஷன் ஃபால்ட் ஷெல்லில் 139, அசெர்ட் தோல்வி 134. படுத்துவிடும் வழுவைத் தேடும்போது பைசெக்ட் முதல் கெட்ட கமிட்டிலேயே நிற்பதற்கு இதுதான் காரணம்; ஸ்கிரிப்டில் அந்த எண்களை 1 ஆக்கிவிடுங்கள்.

அறிகுறி: உங்கள் கணினியில் எல்லாம் பச்சை, சிஐயில் சிவப்பு

உருவாக்கப்பட்ட கோப்புகள் பழையவை என்று வந்தால், எதைத் திருத்தினீர்களோ அதற்கேற்ற கட்டளை: ஆர்கியுமென்ட் கிளினிக் (ஃபங்ஷன்களின் ஆர்கியுமென்ட் படிக்கும் நிரலை உருவாக்கும் கருவி) பகுதிக்கு 'மேக் கிளினிக்', இலக்கணக் கோப்புக்கு 'மேக் ரெஜென்-பெகென்', பைட்கோட்ஸ்.சி கோப்புக்கு 'மேக் ரெஜென்-கேசஸ்'. எது என்று தெரியாவிட்டால் 'மேக் ரெஜென்-ஆல்'. உருவாகி வந்த கோப்பைக் கையால் தொடாதீர்கள். கிளினிக் செக்சம் பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். கான்ஃபிகர்.ஏசி திருத்தினால் கணினியிலிருக்கும் ஆட்டோகான்ஃபை ஓட்டாமல் 'மேக் ரெஜென்-கான்ஃபிகர்' ஓட்டுங்கள். அது கன்டெய்னருக்குள் சரியான பதிப்பை வைத்து ஓட்டும். இல்லையேல் இரண்டு வரி மாற்றத்துக்குப் பெரிய டிஃப் வந்து நிற்கும்.

விண்டோஸில் மட்டும் லிங்கர் ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால், புதிய சி கோப்பை மேக்ஃபைல்.ப்ரீ.இன் கோப்பில் சேர்த்துவிட்டுப் பிசிபில்டிலுள்ள விசிஎக்ஸ்ப்ராஜ் கோப்பில் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். சி குளோபல் சோதனை தோற்றால், ஃபங்ஷனுக்குள் வைத்த ஸ்டாட்டிக் வேரியபிளை மாட்யூல் ஸ்டேட்டுக்குக் கொண்டுபோங்கள், 3.12 முதல் ஒரே புராசஸில் ஒவ்வொரு இன்டர்பிரட்டருக்கும் தனி ஜில் இருக்கலாம், அந்த வேரியபிளை எல்லாரும் சேர்ந்து எழுதுவார்கள்.

மற்றவை காகித வேலை. தலைப்பு 'ஜிஎச்-' என்று தொடங்கி இஷ்யூ எண், முக்காற்புள்ளி, பிறகு விவரம். நியூஸ் சோதனைக்கு 'பிளர்ப்' கருவி மூலம் மிஸ்க் அடைவின் நியூஸ்.டி/நெக்ஸ்ட் உள்ளே ஒரு சிறு ஆர்எஸ்டி கோப்பு. அதில் பயனருக்கு என்ன மாறியது என்று எழுதுங்கள், எந்த ஃபங்ஷனில் எந்த வரி என்று அல்ல. உரிம ஒப்பந்தச் சோதனை பிடிவாதமாகத் தோற்றால், கமிட்டிலுள்ள மின்னஞ்சல் உங்கள் கிட்ஹப் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அறிகுறி: பேட்ச் அசையாமல் கிடக்கிறது

'அவெய்ட்டிங் சேஞ்சஸ்' லேபிள் இருந்தால், திருத்தி அனுப்பியதோடு வேலை முடியவில்லை. 'ஐ ஹேவ் மேட் த ரிக்வெஸ்டட் சேஞ்சஸ்; ப்ளீஸ் ரிவ்யூ அகெய்ன்' என்ற தொடரைக் கருத்தாக இட்டால்தான் பெடிவியர் பாட் லேபிளை மாற்றி, திருத்தம் கேட்டவருக்குத் தெரிவிக்கும். ரிவ்யூ தொடங்கிய பின் ஃபோர்ஸ் புஷ் வேண்டாம். போனமுறை பார்த்ததிலிருந்து என்ன மாறியது என்பது ரிவ்யூ செய்பவருக்குத் தெரியாமல் போகும். கமிட்டுகள் எத்தனை இருந்தாலும் கடைசியில் ஒன்றாக நசுக்கித்தான் சேர்ப்பார்கள், அழகுபடுத்த வேண்டியதில்லை.

நீங்கள் ரிவ்யூ செய்பவரானால், நிரலுக்கு முன் சோதனையைப் பாருங்கள். பேட்ச் கிளையில் இருந்துகொண்டு, திருத்தப்பட்ட நிரல் கோப்பை மட்டும் 'கிட் செக்அவுட் மெயின் -- கோப்புப்பெயர்' என்று பழைய நிலைக்கு மாற்றி, பில்ட் செய்து, புதிய சோதனையை ஓட்டுங்கள். அது தோற்க வேண்டும். தோற்காவிட்டால் அந்தச் சோதனை இந்த வழுவைத் தொடவே இல்லை. மேற்கொண்டு படிக்காமல் திருப்பி அனுப்பலாம். தோற்றால், சொல்லப்பட்ட காரணத்தினால்தான் தோற்கிறதா என்று செய்தியைப் படியுங்கள். இம்போர்ட் பிழையில் தோற்பதும் தோல்விதான், சான்று அல்ல.

பிறகு சி நிரலில் 'ரிட்டர்ன்', 'கோட்டூ' இருக்கும் ஒவ்வொரு வரியிலும் நின்று, அந்த நேரத்தில் கையில் யார் யாருடைய ரெஃபரன்ஸ் இருக்கிறது என்று எண்ணுங்கள். சலிப்பான வேலை, வழுக்கள் இருப்பது அங்கேதான். இடைவெளி போன்ற சிறு குறைகளைத் தானியங்கிச் சோதனைகள் பார்த்துக்கொள்ளும். முதல் கருத்தாக அதை எழுதிப் பேட்ச் எழுதியவரைத் துரத்தாதீர்கள். கோர் டெவலப்பர் அல்லாதவரின் ஒப்புதலுக்கும் பலன் உண்டு: லேபிள் 'அவெய்ட்டிங் கோர் ரிவ்யூ' ஆகும். என்ன ஓட்டினீர்கள், எந்தத் தளத்தில், முன் என்ன வந்தது, பின் என்ன வந்தது என்று நான்கு வரி எழுதியிருந்தால் அடுத்து வருபவர் அதை நம்பித் தொடர முடியும். வெறும் 'நன்றாக இருக்கிறது' யாருக்கும் உதவாது.

அறிகுறி: பேக்போர்ட் தோற்றது

மெயினில் சேர்ந்த திருத்தத்தைப் பழைய பதிப்பின் கிளைக்கும் கொண்டுபோவதுதான் பேக்போர்ட். மெயினில் சேர்ந்ததும் 'நீட்ஸ் பேக்போர்ட் டு 3.13' போன்ற லேபிளைப் பார்த்து மிஸ்-இஸ்லிங்டன் பாட் தானே முயலும். மோதல் வந்தால் கையால்: 'செர்ரி_பிக்கர்', கமிட் ஹேஷ், கிளை எண். மோதலைத் தீர்த்து '--கன்டினியூ', குழம்பினால் '--அபார்ட்'. மோதல் இல்லாமல் ஒட்டிக்கொண்டு பில்டில் தோற்பதும் உண்டு. மெயினில் பயன்படுத்திய ஏபிஐ பழைய கிளையில் இருக்காது. அப்போது இரவல் வாங்கி உடனே இன்க்ரெஃப் செய்யும் பழைய முறையில் எழுத வேண்டும், உதவி ஃபங்ஷனையே பின்னால் கொண்டுபோகக் கூடாது.

எந்தக் கிளைக்குப் போகும் என்பது வயதைப் பொறுத்தது. 3.13 முதல் ஒவ்வொரு பதிப்புக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் வழுத்திருத்தம், அடுத்த மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். புதிய வசதி எதுவும் பின்னால் போகாது. வழுத்திருத்தமே ஆனாலும், பழைய தவறான நடத்தையை நம்பி யாராவது நிரல் எழுதியிருக்க வாய்ப்பு இருந்தால் மெயினோடு நிறுத்திவிட்டு, ஆவணத்தில் 'வெர்ஷன்சேஞ்ச்ட்' குறிப்பு சேர்ப்பதே நல்லது. வெளியிலிருந்து வரும் தரவால் இன்டர்பிரட்டரை வீழ்த்த முடிகிற வழு என்றால் மட்டும் பொது இஷ்யூ திறக்காமல், திட்டத்தின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியே அறிக்கை கொடுங்கள்.